மதுரைக்கு மத்தியானம் வந்து இறங்காதீர்கள்

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் மதுரைக்குப் போவதென்றால் அப்பத்தா முதல் நாள் ராத்திரியே புளிச்சோறு கிண்டி வைத்துவிடும். அந்தப் பயணங்களில் நாங்கள் செய்யாத தவறு இல்லை. இப்போது மதுரையிலேயே குடியிருக்கிறேன். ஊர் பார்க்க வரும் சொந்தக்காரர்களும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

பெரிய தவறு, நேரம். சாவகாசமாகக் கிளம்பி உச்சி வெயிலில் வந்து நிற்பார்கள். மீனாட்சி அம்மன் கோயிலில் மதியம் 12.30 மணி வாக்கில் நடை சாத்தினால், திறக்க 4 மணி ஆகிவிடும். ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு, சித்திரை வீதியில் நிழல் தேடி உட்கார்ந்து புளிச்சோற்றைக் காலி செய்தோம். வெள்ளனவே வாருங்கள். இல்லையென்றால் சாயங்காலம் போய்ப் பள்ளியறை பூஜை வரை இருங்கள். சொக்கநாதரைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு அம்மன் சன்னதிக்குத் தூக்கி வருவார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பல வருஷம் அதைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறோம்.

அப்புறம் செருப்பு. கிழக்கு வாசலில் விட்டுவிட்டுத் தெற்கு வாசலில் வெளியே வருவது. நாலு பக்கமும் கோபுரம், உள்ளே சுற்றியவருக்குத் திசை குழம்பத்தான் செய்யும். சித்திரை வெயிலில் எங்கள் அய்யா வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஓடியது இன்னும் வீட்டில் பேச்சு. செல்போனும் உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் கூட்டத்தில் பிரிந்தால் பொற்றாமரைக் குளத்துப் படியில் சந்திப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் திருமலை நாயக்கர் மகாலை அரை மணியில் பார்த்து, தூண் பக்கத்தில் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். 1636இல் கட்டிய அந்த அரண்மனையில் இன்று நிற்பது ஏறக்குறைய கால்வாசிதான். மீதியைப் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். அது தெரிந்தால் அந்த முற்றத்தில் நிற்பதே வேறு மாதிரி இருக்கும். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் ஆனது என்பது ஊர் வழக்கு. அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார். விநாயகர் சதுர்த்திக்கு அவருக்கு முக்குறுணி, அதாவது 18 படி, அரிசியில் கொழுக்கட்டை. மகால், தெப்பக்குளம், பிள்ளையார் என்று இந்த வரிசையில் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கதை தானாக ஒட்டிக்கொள்ளும்.

எந்த பஸ் எங்கே நிற்கும் என்று கேட்காமல் ஏறுவதும் உண்டு. தேனி, திண்டுக்கல் வண்டிகளுக்கு ஆரப்பாளையம். திருச்சி, திருநெல்வேலிக்கு மாட்டுத்தாவணி. இரண்டும் ஊரின் இரண்டு பக்கம்.

கடைசியாக ஜிகர்தண்டா. மேலே இருக்கும் ஐஸ்கிரீமை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, அடியில் கிடக்கும் பாதாம் பிசினை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது பாவம். பாலும் நன்னாரியும் பிசினும் கலந்து வாய்க்குள் போக வேண்டும். எங்கள் அப்பத்தாவும் முதல் தடவை, “என்னடா இது, வழுவழுன்னு கெடக்கு” என்று டம்ளரை என்னிடமே தள்ளிவிட்டது. அடுத்த தடவை கோயிலை விட்டு வெளியே வந்ததும் கடை இருக்கும் பக்கம் முன்னால் நடந்தது அதுதான்.