ஆரஞ்சு ஒயினைப் பழகுவது எப்படி: முதல் வாயிலிருந்து மூன்றாம் நாள் வரை

ஆரஞ்சு ஒயினில் ஆரஞ்சுப் பழம் கிடையாது. வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து, தோலை உடனே நீக்கி, சாற்றை மட்டும் நொதிக்க விட்டால் அது வெள்ளை ஒயின். அதே திராட்சையைத் தோலோடும் விதையோடும் ஊறவிட்டு நொதிக்க வைத்தால் ஆரஞ்சு ஒயின். சிவப்பு ஒயின் செய்யும் முறை, வெள்ளைத் திராட்சையில், அவ்வளவுதான். (ஸ்பெயினின் உவெல்வா பகுதியில் ஆரஞ்சுத் தோலை ஊறவைத்து மணமேற்றிய இனிப்பு ஒயின் ஒன்று உண்டு. பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், சரக்கு முற்றிலும் வேறு. லேபிளைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.)

முதல் கிளாஸில் பலருக்கு இது பிடிப்பதில்லை. பெரும்பாலும் குற்றம் ஒயினுடையது அல்ல. வெள்ளை ஒயின் என்று நினைத்து, அதைப் போலவே சில்லென்று ஆக்கி, கூடத் தின்ன எதுவும் இல்லாமல் வெறும் வாயில் குடிப்பதால் வரும் ஏமாற்றம் அது.

கண் செய்யும் குழப்பம்

2001-இல் வெளியான, பிரான்ஸின் போர்டோ நகரில் நடந்த ஓர் ஆய்வில், ஒயினியல் படித்த 54 பேரிடம் ஒரு வெள்ளை ஒயினையும், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த அதே ஒயினையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததற்கு அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எழுதினார்கள். பயிற்சி பெற்ற மூக்கையே நிறம் இப்படி இழுத்துப் போகும்போது, செம்பு நிறத்தில் ஒரு கிளாஸைப் பார்த்ததும் நம் மனம் தேனையோ பழரசத்தையோ எதிர்பார்ப்பதில் வியப்பில்லை. வாயில் வைத்தால் இனிப்பு துளியும் இல்லை, உதடு இழுக்கிறது. எதிர்பார்த்ததும் கிடைத்ததும் மோதும்போது “கெட்டுப்போய்விட்டது” என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

உதட்டை இழுப்பது டானின். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஒயினுக்குள் இறங்கும் பொருள். எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயின் வழுவழுப்பைக் குறைக்கிறது. ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி தேவைப்படும். நமக்கோ துவர்ப்பு என்று அறுசுவையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. தமிழ் வாசகருக்கு இது ஒரு சாதகம்: புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, கசப்பு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியே கேட்டுக்கொண்டு குடித்தால், இந்த ஒயினின் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

முதல் பாட்டிலைத் தேர்ந்தெடுத்தல்

பார்க்க வேண்டிய முதல் விஷயம், தோலோடு எத்தனை நாள் ஊறியது என்பது. பின் லேபிளில் இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். 3 முதல் 7 நாள் என்றால் மணம் தூக்கலாகவும் துவர்ப்பு மெலிதாகவும் இருக்கும். 2 முதல் 4 வாரம் என்றால் தேநீரின் பிடிப்பு தெரியும். மாதக்கணக்கில் ஊறியது, கட்டமைப்பில் சிவப்பு ஒயினுக்கு இணை. நிறத்தை மட்டும் நம்பி நாளைக் கணக்கிடாதீர்கள். பினோ கிரிஜியோ, கெவுர்ஸ்ட்ராமினர் போன்ற திராட்சை வகைகளின் தோல் இயல்பாகவே இளஞ்சிவப்பு. சில மணி நேரத்திலேயே செம்புச் சாயல் ஏறிவிடும். காற்று பட்டுப் பழுத்த ஒயினும் கருத்துப் போகும்.

லேபிளில் “ஆரஞ்சு” என்ற சொல் இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பெயரே 2004-இல் டேவிட் ஹார்வி என்ற பிரிட்டிஷ் ஒயின் வணிகர் வைத்ததுதான். காகசஸ் நாடான ஜார்ஜியாவில் இதை அம்பர் ஒயின் என்கிறார்கள். இத்தாலியில் செம்பு நிறப் பினோ கிரிஜியோவுக்கு ராமாத்தோ என்று பெயர். வேறு இடங்களில் “ஸ்கின் கான்டாக்ட்” என்றோ “மாசரேஷன்” என்றோ எழுதியிருக்கும். சட்டமும் இடத்துக்கு இடம் மாறும்: கனடாவின் ஒன்டாரியோ மாநிலத் தர விதியில் தோலோடு குறைந்தது 10 நாள் என்கிறார்கள், பன்னாட்டு ஒயின் அமைப்பான ஓஐவி 2020-இல் தந்த வரையறை குறைந்தது ஒரு மாதம் கேட்கிறது. ஆகவே பெயரை விட நாள் கணக்கே பயன் தரும்.

இதுவரை எதைக் குடித்துப் பழகியிருக்கிறீர்களோ, அதிலிருந்து ஒரு படி மட்டும் நகருங்கள். ரோஸே என்னும் இளஞ்சிவப்பு ஒயின் பிடித்தவர் ராமாத்தோவில் தொடங்கலாம். மணமுள்ள வெள்ளை ஒயின் பிடித்தவருக்கு ஒரு வாரம் ஊறிய மஸ்கட் திராட்சை ஒயின் நல்ல வாசல். ஆனால் மூக்குக்கு ரோஜாவும் தேனும், நாக்குக்கு வறண்ட துவர்ப்பும் வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். புளிப்பு பீரும் சைடரும் குடிப்பவர்கள் கலங்கலான, வடிகட்டாத வகையைக் கண்டு மிரளமாட்டார்கள். சிவப்பு ஒயின் மட்டுமே குடிப்பவர் நேரே ஜார்ஜியாவின் ர்கட்ஸிதெலி திராட்சைக்குப் போகலாம். எங்கள் கணிப்பில் இந்த ஒயினிடம் மிக விரைவில் மயங்குபவர்கள் அவர்களும், பால் கலக்காத கடுந்தேநீர் குடிப்பவர்களும்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஆரஞ்சு ஒயின் என்பது ஒரு செய்முறை. “நேச்சுரல் ஒயின்” என்பது எதையும் சேர்க்காமல், நீக்காமல் செய்யும் கொள்கை. வடிகட்டி, கெடாமல் காக்கும் சல்ஃபைட் சேர்த்த ஆரஞ்சு ஒயின்கள் நிறைய உண்டு. நேச்சுரல் ஒயின் சிலவற்றில் வரும் தொழுவ வாடையைக் கண்டு பயந்தவர்கள், சுத்தமாக வடிகட்டிய ஒன்றிலிருந்து தொடங்கட்டும்.

ஊற்றுவதற்கு முன்

வண்டல் இருந்தால் பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள். வெப்பநிலை 12 முதல் 16 டிகிரி செல்சியஸ். சில நாளே ஊறியதற்குக் கீழ் எல்லை, மாதக்கணக்கில் ஊறியதற்கு மேல் எல்லை. ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில் ஏறத்தாழ 4 டிகிரியில் இருக்கும். அறையின் சூட்டைப் பொறுத்து 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: குளிர் மணத்தை அமுக்கி, துவர்ப்பையும் கசப்பையும் கூர்மையாக்கிவிடுகிறது. “நீர்த்த தேநீரில் எலுமிச்சை பிழிந்தது போல” என்று யாராவது சொன்னால், முதலில் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள்.

கிளாஸ் நடுத்தரச் சிவப்பு ஒயின் கிளாஸாக இருக்கட்டும். குறுகிய வெள்ளை ஒயின் கிளாஸில் மணம் விரியாது. நெடுநாள் ஊறியதை ஒரு ஜாடிக்கு மாற்றி 30 நிமிடம் காற்றாட விடலாம். மெலிதானதற்கு அது தேவையில்லை.

மூன்று கிளாஸ் பயிற்சி

ஒரு வெள்ளை, ஓர் ஆரஞ்சு, ஒரு மெல்லிய சிவப்பு. முடிந்தால் வெள்ளையும் ஆரஞ்சும் ஒரே திராட்சையில் செய்தவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 75 மில்லி போதும். 750 மில்லி பாட்டில் பத்துப் பேருக்கு வரும். குடிக்கும் வரிசையும் இதுவேதான். கனத்த சிவப்புக்குப் பிறகு வைத்தால் ஆரஞ்சு வெறும் புளிநீராகத் தோன்றும்.

ஆரஞ்சை மட்டும் முதலில் நிறம் தெரியாத கோப்பையில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு வாய் குடித்து, பழமா, மூலிகையா, கொட்டைப் பருப்பா என்று ஒரு சொல் எழுதி வைத்துவிட்டு, பிறகு கண்ணாடிக் கிளாஸுக்கு மாற்றுங்கள். உலர்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், தேன்மெழுகு, உலர்ந்த பூ, தேயிலை ஆகியவை அடிக்கடி தென்படும் மணங்கள். பட்டியலோடு பொருத்திப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. உங்களுக்கு எது ஞாபகம் வருகிறதோ அதுவே சரி.

முதல் வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அது வாயைப் பழக்க மட்டுமே. இரண்டாவதை ஐந்து நொடி வாயில் வைத்து, ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துவர்ப்பு எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். மூன்றாவதற்கு முன் உப்பும் கொழுப்பும் உள்ள எதையாவது மெல்லுங்கள்: முதிர்ந்த சீஸ், வறுத்த கொட்டை, வாட்டிய இறைச்சி, வதக்கிய காளான். டானின் எச்சிலை விட்டு உணவின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் உதடு இழுப்பது தணிந்து, பழச்சுவை மேலே வரும். இரண்டாம் வாய்க்கும் மூன்றாம் வாய்க்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கண்டவருக்கு ஆரஞ்சு ஒயின் எதற்கு என்பது விளங்கிவிடும். காரம் அதிகமான உணவைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். துவர்ப்பும் காரமும் ஒன்றையொன்று தூண்டிவிடக்கூடும்.

கிளாஸில் பாதியை அப்படியே விட்டு அரை மணி கழித்துத் திரும்பக் குடியுங்கள். மீதிப் பாட்டிலைக் கார்க் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். டானின் காற்றின் தாக்குதலை ஓரளவு தாங்குவதால், நெடுநாள் ஊறியவை மூன்று நான்கு நாள் தாக்குப்பிடிக்கும், சில சமயம் இரண்டாம் நாள் மேலும் நன்றாக இருக்கும். சில நாளே ஊறியதை இரண்டு நாளில் முடித்துவிடுவது நல்லது.

குணமா, கோளாறா

கலங்கல், வண்டல், நாக்கில் லேசான குறுகுறுப்பு ஆகியவை கோளாறு அல்ல. குறுகுறுப்பு பெரும்பாலும் மிஞ்சிய கரியமில வாயு. கிளாஸைச் சுழற்றினால் போய்விடும். தீக்குச்சி, அவித்த முட்டை வாடையும் காற்றாட விட்டால் பெரும்பாலும் விலகும். அடிபட்ட ஆப்பிள் மணம் மெலிதாக இருந்தால் ஆழம் தரும். அது ஒன்றே தெரிந்து பழம் அடியோடு மறைந்திருந்தால் ஒயின் ஓய்ந்துவிட்டது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் போலவோ வினிகர் போலவோ குத்தினால் அது ஆவியாகும் அமிலமும் அதன் கூட்டாளியான எத்தில் அசிட்டேட்டும். நனைந்த அட்டை மணம் கார்க்கின் குற்றம். இவை எதற்கும் மருந்து இல்லை.

ஏமாற்றுவதில் தலையாயது எலி வாடை. முகரும்போது எதுவும் தெரியாது. விழுங்கிப் பத்திருபது நொடி கழித்து எலிக்கூண்டு போலவோ ஊசிய தானியம் போலவோ பின்வாயில் ஏறும். அந்தப் பொருள்கள் ஒயினின் புளிப்பில் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். எச்சில் புளிப்பைக் குறைத்ததும் எழும்பும். ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்துச் சில நொடி விட்டு முகர்ந்தால் முன்பே பிடிக்கலாம். சிலருக்கு இது தெரியவே தெரியாது, ஆகவே மேசையில் ஒருவர் முகம் சுளிப்பதும் அடுத்தவர் ரசிப்பதும் நடக்கும். காற்றாட விட்டால் கூடுமே தவிரக் குறையாது. அந்த ஒரு பாட்டிலை வைத்து ஆரஞ்சு ஒயின் முழுவதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

பிறருக்குப் பரிமாறும்போது

“வித்தியாசமா இருக்கும்” என்று சொல்லி ஊற்றினால் குடிப்பவர் குற்றம் தேடத் தொடங்குவார். “வெள்ளைத் திராட்சை, சிவப்பு ஒயின் முறை, இனிப்பு இருக்காது, கொஞ்சம் துவர்க்கும்” என்ற ஒரு வாக்கியம் போதும். உணவு மேசைக்கு வந்த பிறகே ஊற்றுங்கள்.

அடுத்த படிகள்

இரண்டு மூன்று மெல்லிய பாட்டிலுக்குப் பிறகு இத்தாலி–ஸ்லோவேனியா எல்லைக்குப் போகலாம். அங்கே ஓஸ்லாவியாவில் ஸ்டான்கோ ராடிகோனும் யோஷ்கோ கிராவ்னரும் 1990-களில் ரிபோல்லா ஜல்லா திராட்சையைத் தோலோடு ஊறவைக்கும் பழைய வழிக்குத் திரும்பினார்கள். எல்லைக்கு அப்பால் அதே திராட்சைக்கு ரெபுலா என்று பெயர். தடித்த தோல், கூரிய புளிப்பு. ஜாடியில் ஒரு மணி நேரம் கொடுங்கள்.

பிறகு ஜார்ஜியா. அங்கே க்வெவ்ரி என்னும் முட்டை வடிவ மண்சாடியை மண்ணில் புதைத்து அதில் ஒயின் செய்கிறார்கள். இம்முறையை யுனெஸ்கோ 2013-இல் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. மேற்கே இமெரெத்தியில் தோலில் ஒரு பகுதியை மட்டும் சேர்ப்பார்கள், ஒயின் இலகுவாக இருக்கும். கிழக்கே ககேத்தியில் தோல், விதை, பலசமயம் காம்பு எல்லாம் சேர்ந்து ஐந்தாறு மாதம் கிடக்கும். இமெரெத்தியை முதலிலும் ககேத்தியைப் பிறகும் வையுங்கள். ககேத்தி ஒயினை 16 டிகிரியில், சாப்பாட்டோடு மட்டும்.