‘ரிசல்ட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட், ரத்தப் பரிசோதனை ரிசல்ட், தேர்தல் ரிசல்ட் என்று பாட்டி முதல் பேத்தி வரை எல்லோரும் சொல்கிறோம். இவ்வளவு பழகிய சொல் என்பதாலேயே ஆங்கிலத்தில் எழுதும்போது அதைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழுக்குள் அது பெயர்ச்சொல்லாக மட்டுமே வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் அது வினைச்சொல்லும்கூட. விண்ணப்பக் கடிதமும் அலுவலக மின்னஞ்சலும் ஆய்வேடும் தடுமாறுவது பெரும்பாலும் அந்த வினை வடிவத்தில்தான்.

முதல் தடுமாற்றம் திசை பற்றியது. ‘தி ஆக்சிடென்ட் ரிசல்ட்டட் ஃப்ரம் டூ டெத்ஸ்’ என்று ஒருவர் எழுதுகிறார். விபத்தில் இருவர் இறந்தார்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. எழுதிய வாக்கியமோ, இருவர் இறந்ததால் விபத்து நேர்ந்தது என்கிறது. ‘ரிசல்ட்டட் இன் டூ டெத்ஸ்’ என்று இருக்க வேண்டும். ‘இன்’ வந்தால் அதற்குப் பின்னால் நிற்பது விளைவு. ‘ஃப்ரம்’ வந்தால் பின்னால் நிற்பது காரணம். ‘தி ஃபயர் ரிசல்ட்டட் இன் எ ஹெவி லாஸ்’ என்றாலும் ‘தி லாஸ் ரிசல்ட்டட் ஃப்ரம் எ ஃபயர்’ என்றாலும் நடந்தது ஒன்றுதான்: தீப்பிடித்தது, நஷ்டம் வந்தது. எங்கிருந்து பார்க்கிறோம் என்பது மட்டுமே மாறுகிறது.

இது நமக்கு ஏன் குழம்புகிறது? தமிழில் காரணம் தன் அடையாளத்தைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டு வருகிறது. ‘மழையால் ஆட்டம் நின்றது’ என்பதை ‘ஆட்டம் நின்றது மழையால்’ என்று புரட்டிப் போட்டாலும் பொருள் கெடாது; எது காரணம் என்பதை ‘ஆல்’ சொல்லிவிடும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அப்படி ஒட்டிக்கொள்ளும் உருபு கிடையாது. சொல் நிற்கும் இடமும், இடையில் வரும் சின்னஞ்சிறு ‘இன்’, ‘ஃப்ரம்’ ஆகியவையும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். தமிழில் யோசித்துவிட்டுச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைக்கும்போது இந்தச் சின்னச் சொல்தான் முதலில் தவறிப்போகிறது.

சொல்லின் பிறப்பு தெரிந்தால் மனத்தில் நிற்கும். லத்தீன் மூலத்தில் அதற்குத் துள்ளி எழுந்து மீள்வது என்று பொருள். எங்கிருந்து துள்ளியது என்பதற்கு ‘ஃப்ரம்’, எங்கே போய் விழுந்தது என்பதற்கு ‘இன்’ என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் நினைவில் நிற்காவிட்டால் வினையை எடுத்துவிட்டு ‘காஸ்டு’ (ஏற்படுத்தியது) என்று போட்டுப் பாருங்கள். ‘தி ஃபயர் காஸ்டு எ ஹெவி லாஸ்’ என்று பொருள் வந்தால், அங்கே வர வேண்டியது ‘இன்’.

இன்னொன்று, நாளிதழ்களிலும் சுற்றறிக்கைகளிலும் கூடத் தென்படும் ‘ரிசல்ட்டட் இன்டூ’. ‘டர்ன்டு இன்டூ’, ‘டெவலப்டு இன்டூ’ ஆகியவற்றைக் கேட்டுக் கேட்டு இதுவும் அப்படித்தான் என்று கை எழுதிவிடுகிறது. அவற்றில் ஒன்று இன்னொன்றாகவே உருமாறுகிறது. வாய்த்தகராறு கைகலப்பாக மாறுவதுபோல. ‘ரிசல்ட்’டில் காரணம் விளைவாக உருமாறுவதில்லை, காரணம் காரணமாகவே இருக்க, விளைவு தனியாகப் பிறக்கிறது. எனவே வெறும் ‘இன்’ போதும். ‘இன்’னையும் விழுங்கிவிட்டு ‘தி ரெயின் ரிசல்ட்டட் தி கேன்சலேஷன்’ என்று எழுதுவதும் பிழை.

‘எ லாஸ் வாஸ் ரிசல்ட்டட்’ என்ற செயப்பாட்டு வினையையும் அடிக்கடி பார்க்கலாம். ‘நஷ்டம் ஏற்படுத்தப்பட்டது’ என்பதன் நேர்ப் பெயர்ப்பு இது. ஆனால் இது செயப்படுபொருள் குன்றிய வினை. ‘வந்தது’ என்பதை ‘வரப்பட்டது’ என்று தமிழில் யாராவது எழுதுவார்களா? அதே கதைதான். ‘எ லாஸ் ரிசல்ட்டட்’ என்று நிறுத்திவிடலாம்.

‘இன்’னுக்குப் பின்னால் முழு வாக்கியம் வராது, பெயரோ, ‘இங்’ சேர்ந்த வடிவமோதான் வரும். ‘தி ஸ்ட்ரைக் ரிசல்ட்டட் இன் தட் பஸ்ஸஸ் டிட் நாட் ரன்’ என்பது தவறு. ‘ரிசல்ட்டட் இன் பஸ்ஸஸ் நாட் ரன்னிங்’ என்பது இலக்கணப்படி சரி. ஆனால் அதையும் நான் எழுத மாட்டேன். ‘பஸ்ஸஸ் டிட் நாட் ரன் பிகாஸ் ஆஃப் தி ஸ்ட்ரைக்’ என்று பச்சையாகச் சொல்லிவிட்டுப் போவதே அழகு. கனமான சொல் இருந்தால்தான் நல்ல ஆங்கிலம் என்ற எண்ணம் நம் பள்ளிக்கூடக் கட்டுரைகள் விட்டுச்சென்ற வியாதி.

‘ஆஸ் எ ரிசல்ட்’ என்ற தொடருக்கு வருவோம். ‘கனமழை பெய்தது, இதனால் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது’ என்று தமிழில் காற்புள்ளி போட்டு ஓட்டிச் செல்லலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘இட் ரெயின்டு ஹெவிலி’ என்று எழுதி, காற்புள்ளி மட்டும் வைத்து, ‘ஆஸ் எ ரிசல்ட் ஸ்கூல்ஸ் வேர் க்ளோஸ்டு’ என்று தொடர்ந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். அது இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் பிடிக்கும் இணைப்புச் சொல் அல்ல. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். பின்னால் காற்புள்ளி வைப்பது வழக்கம். ‘ஆஃப்’ சேர்ந்துவிட்டால் கதை வேறு. ‘ஆஸ் எ ரிசல்ட் ஆஃப் தி ரெயின்’ என்று காரணத்தை உடனே சொல்லியாக வேண்டும். நடுவிலுள்ள ‘எ’வை விட்டுவிட்டு ‘ஆஸ் ரிசல்ட்’ என்று எழுதுவது கவனக்குறைவு, அவ்வளவுதான். ‘பிகாஸ்’ என்று தொடங்கிவிட்டு நடுவில் ‘ஆஸ் எ ரிசல்ட்’ என்றும் போடுவது காரணத்தை இருமுறை சொல்வது, ஒன்றை வெட்டிவிடுங்கள்.

தேர்வும் தேர்தலும்

பல பாடங்கள், பல மதிப்பெண்கள் என்பதால் தேர்வு முடிவு ஆங்கிலத்தில் பெரும்பாலும் பன்மை: ‘எக்ஸாம் ரிசல்ட்ஸ்’. அதற்கேற்ப ‘ஆர்’, ‘வேர்’, ‘ஹேவ்’ வர வேண்டும். ‘ரிசல்ட் வந்துவிட்டது’ என்பதை ‘ரிசல்ட் ஹேஸ் கம்’ என்று பெயர்த்தால் கேட்பவருக்குப் புரியும், ஆனாலும் காதில் உறுத்தும். ‘தி ரிசல்ட்ஸ் ஆர் அவுட்’ என்பதே இயல்பு. ‘டிக்ளேர்டு’, ‘அனௌன்ஸ்டு’, ‘பப்ளிஷ்டு’ மூன்றும் சரிதான்.

காத்திருப்பதில் இரட்டைப் பிழை உண்டு. ‘அவெய்ட்’ என்ற வினைக்குள்ளேயே ‘ஃபார்’ அடங்கியிருக்கிறது. எனவே ‘அவெய்ட்டிங் ஃபார் ரிசல்ட்ஸ்’ என்பது தவறு. ‘அவெய்ட்டிங் மை ரிசல்ட்ஸ்’ அல்லது ‘வெய்ட்டிங் ஃபார் மை ரிசல்ட்ஸ்’. தன்விவரக் குறிப்பில் ‘ரிசல்ட்ஸ் அவெய்ட்டிங்’ என்று எழுதுகிறவர்கள், முடிவுகள் எதற்காகவோ காத்திருப்பதாகச் சொல்கிறார்கள். காத்திருப்பவர் நீங்கள், முடிவுகள் எதிர்பார்க்கப்படுபவை. ‘ரிசல்ட்ஸ் அவெய்ட்டட்’ என்பதே சரி.

‘ஃபைனல் ரிசல்ட்’, ‘எண்ட் ரிசல்ட்’ இரண்டும் கூறியது கூறல் என்று இலக்கண ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். எப்போதும் அவர்கள் பக்கம் நிற்க வேண்டியதில்லை. மறுகூட்டல், மறுமதிப்பீடு எல்லாம் முடிந்து வரும் மதிப்பெண்ணுக்கு ‘ஃபைனல் ரிசல்ட்’ பொருத்தமான பெயர். முன்னால் வந்தது மாறக்கூடியது என்பதால். வாக்கு எண்ணிக்கையில் சுற்றுவாரியாக முன்னிலை நிலவரம் வந்துகொண்டிருக்கும்போதும் அப்படியே. மாறுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் மட்டும் ‘ஃபைனல்’ வெட்டி அலங்காரம்.

கிரிக்கெட் என்ற தனி உலகம்

இந்தச் சொல்லை நம்மவர்கள் அதிகம் கேட்பது வர்ணனையில்தான். அங்கே அது சற்று விசித்திரமாக நடந்துகொள்கிறது. டெஸ்ட் ஆட்டத்தின் ஐந்தாம் நாள் மதியம், ‘எ ரிசல்ட் இஸ் ஸ்டில் பாசிபிள்’ என்று வர்ணனையாளர் சொன்னால், வெற்றி தோல்வி இன்னும் சாத்தியம் என்று பொருள். அதாவது பேச்சு வழக்கில் ‘ட்ரா’வுக்கு ‘ரிசல்ட்’ என்ற தகுதி கிடையாது. விதிப் புத்தகமோ வேறு மாதிரி. ‘தி ரிசல்ட்’ என்ற தலைப்புள்ள 16ஆம் விதிக்குள் வெற்றி, டை, ட்ரா எல்லாமே அடங்குகின்றன.

இந்தச் சொற்களைக் கலந்து எழுதுவது பெரும்பிழை. டை என்பது, ஆட்டம் முழுமையாக முடிந்து இரு அணிகளின் ஓட்டங்களும் சமமாக நிற்பது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்ததை எந்தத் தமிழ் ரசிகருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 348 எடுக்க வேண்டிய இந்தியா 347இல் கடைசி விக்கெட்டை இழந்தது. அதை ‘ட்ரா’ என்று எழுதினால் அந்த ஆட்டத்தையே கொச்சைப்படுத்தியதாகும். ட்ரா என்பது ஆட்டம் முடியாமலே நேரம் முடிந்துபோவது. 1939 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், முடிவு தெரியும்வரை ஆடியே தீருவது என்று காலவரையறையே இல்லாமல் ஒரு டெஸ்ட்டைத் தொடங்கினார்கள். 696 தேவைப்பட்ட இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது மழை வந்தது. ஊர் திரும்பக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்பதால் அத்துடன் விட்டுவிட்டார்கள். முடிவுக்காகவே நடத்தப்பட்ட ஆட்டம் ட்ராவில் போய் நின்றது.

மூன்றாவது, ‘நோ ரிசல்ட்’. இது ஓவர் வரையறை உள்ள ஆட்டங்களுக்கு உரியது. ஒருநாள் ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடும் அணிக்குக் குறைந்தது 20 ஓவர், இருபது ஓவர் ஆட்டத்தில் 5 ஓவர் கிடைக்காமல் மழை கெடுத்துவிட்டால் இந்தப் பெயர். 2002இல் கொழும்பில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு நாளும் மழை குறுக்கிட, இந்தியாவும் இலங்கையும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. அதை ‘ட்ரா’ என்று எழுதக் கூடாது. கூடவே, ‘தி மேட்ச் வாஸ் ட்ரா’ என்பதும் வேண்டாம். ‘வாஸ் ட்ரான்’ அல்லது ‘வாஸ் எ ட்ரா’.

இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர் ‘வி காட் எ ரிசல்ட்’ என்றால், ஜெயித்துவிட்டோம் என்று குதூகலிக்கிறார். ‘என்ன ரிசல்ட்?’ என்று திருப்பிக் கேட்டு அவர் மகிழ்ச்சியைக் கெடுக்காதீர்கள்.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

‘அவுட்கம்’ என்பதை ‘ரிசல்ட்’டின் மறுபெயராக எல்லா இடத்திலும் போட்டு நிரப்ப முடியாது. ஆய்வகம் தருவது ‘டெஸ்ட் ரிசல்ட்’. சிகிச்சை முடிந்து நோயாளி எப்படி இருக்கிறார் என்பது ‘அவுட்கம்’. ரத்தப் பரிசோதனைக்கு ‘அவுட்கம்’ என்று எழுதினால் ஒட்டாமல் நிற்கும். எண்ணிக்கையாகவோ அளவாகவோ கையில் கிடைப்பது முன்னது; எல்லாம் முடிந்தபின் நிலைமை எங்கே வந்து நின்றது என்பது பின்னது. அதற்கு வினை வடிவமும் இல்லை. ‘இட் அவுட்கம்டு’ என்றெல்லாம் எழுத முடியாது.

பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு ‘கோர்ஸ் அவுட்கம்’, ‘ப்ரோக்ராம் அவுட்கம்’ என்ற தொடர்கள் பழக்கம். பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா நிரந்தர உறுப்பானது. பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமும் இந்த மொழியில்தான் பேசுகிறது. இந்த மொழியின் நோக்கமே ‘அவுட்புட்’டையும் ‘அவுட்கம்’மையும் பிரித்துப் பார்ப்பது. ஆண்டுக்கு இத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பது அவுட்புட். பட்டம் பெற்றவருக்கு ஒரு பாலத்தை வடிவமைக்கத் தெரிகிறதா என்பது அவுட்கம். இது தெரிந்தும் அறிக்கை எழுதும்போது இரண்டையும் ஒன்றாகக் குழைப்பவர்கள் ஏராளம்.

‘கான்சிக்வென்ஸ்’ பெரும்பாலும் கெட்டதற்கு. ‘விளைவுகளைச் சந்திக்க நேரிடும்’ என்று தமிழில் மிரட்டும்போது வரும் அதே வாடை. உதவி செய்த மேலதிகாரிக்கு ‘ஐ காட் திஸ் ஜாப் ஆஸ் எ கான்சிக்வென்ஸ் ஆஃப் யுவர் ஹெல்ப்’ என்று எழுதினால் நன்றியா புகாரா என்று அவர் யோசிப்பார். ‘தேங்ஸ் டு யுவர் ஹெல்ப்’ என்று எழுதுங்கள்.

‘ஆஃப்டர்மேத்’ என்பதில் கணக்கு ஏதும் இல்லை. அந்த ‘மேத்’ புல்லறுப்பு. அறுத்த பிறகு மறுபடி தழைக்கும் புல்லுக்கு ஆங்கில உழவர்கள் வைத்த பெயர் அது. வெட்டிய கரும்பின் கட்டையிலிருந்து துளிர்ப்பதை நம் ஊரில் மறுதாம்பு என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். இன்று அந்தச் சொல் போர், வெள்ளம், சுனாமி போன்ற பேரழிவுகளைத் தொடர்ந்து வரும் காலத்தையும் நிலைமையையும் குறிக்கிறது. ‘இன் தி ஆஃப்டர்மேத் ஆஃப் தி சுனாமி’ சரி. புகைப்பதன் விளைவு புற்றுநோய் என்பதற்கு இதைப் பயன்படுத்த முடியாது. ‘ரிசல்டன்ட்’ பெரும்பாலும் இயற்பியல் பாடத்தில் விசைகளைக் கூட்டும்போது வருவது. கூட்டத்தின் முடிவைச் சொல்ல அது வேண்டாம்.

நம்முடைய ‘கடைசியில்’ என்ற ஒரு சொல் ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரிகிறது. ‘அட் தி எண்ட்’ என்பது இடத்தையோ நேரத்தையோ குறிப்பது. தெருவின் முனை, படத்தின் கடைசிக் காட்சி. பெரும்பாலும் பின்னால் ‘ஆஃப்’ வரும். ‘இன் தி எண்ட்’ என்பது இழுபறிக்குப் பின் வந்த முடிவு: ‘இன் தி எண்ட் தே சோல்டு தி ஹவுஸ்’. ‘அட் லாஸ்ட்’ என்பதில் அப்பாடா என்ற பெருமூச்சு இருக்கிறது. ரொம்ப நேரம் வராத பஸ் வந்து நிற்கும்போது சொல்வது. நெடுநாள் நோயில் கிடந்த பெரியவர் காலமான செய்தியை ‘அட் லாஸ்ட் ஹீ பாஸ்டு அவே’ என்று உறவினருக்கு அனுப்பினால், அதற்காகவே காத்திருந்ததுபோல் ஆகிவிடும். அங்கே ‘ஹீ பாஸ்டு அவே ஆஃப்டர் எ லாங் இல்னஸ்’ என்று எழுதினால் போதும்.