விருந்துக்குப் போகும்போது கையில் என்ன கொண்டுபோவது?

"அடுத்தவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதே" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மும்பையில் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ சொந்தக்காரர் வீடு என்றால் பழமும் பூவும் போதும். அலுவலக நண்பரோ பக்கத்து ஃபிளாட்காரரோ இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்தான் தடுமாறுகிறோம்.

பெரிய தவறு, அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்காமல் வாங்குவது. இங்கே ஜைனக் குடும்பங்கள் அதிகம். முட்டை போட்ட கேக்கை அவர்கள் தொட மாட்டார்கள். நியமம் பார்க்கிறவர்களுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, தேன்கூட ஆகாது. ஆனால் நம் வாழைக்காய் சிப்ஸைத் தாராளமாகக் கொடுக்கலாம். இந்த ஊரில் ஜைன பாவ் பாஜியில் உருளைக்கிழங்குக்குப் பதிலாக வாழைக்காயைத்தான் போடுகிறார்கள். சிலர் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. டிசம்பரில் 6 மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். அந்த வீட்டுக்குத் தாமதமாகப் போனால் எந்தப் பரிசும் அதை ஈடுகட்டாது.

அடுத்தது, அன்றைக்கே பரிமாற வேண்டிய பண்டம். ஒருமுறை நான் ரசமலாய் வாங்கிப் போனேன். அந்த அக்கா தான் செய்துவைத்த பாயசத்தை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவிட்டு என் டப்பாவை உள்ளே வைத்தார். இன்றும் நினைத்தால் மனசு சுருங்குகிறது. நாலு நாள் தாங்கும் இனிப்பாக வாங்குங்கள். உதிரி இனிப்புகளுக்கும் எந்தத் தேதிவரை சாப்பிடலாம் என்று கடையில் எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் விதி. அதைப் பாருங்கள். கொடுக்கும்போது, "இது நாளைக்கு, உங்களுக்கு" என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் முந்திரி, பாதாம் நல்லது.

விலைச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். மது பாட்டில், நன்றாகத் தெரிந்த வீடு தவிர வேண்டவே வேண்டாம்.

பூ விஷயம் கொஞ்சம் நுட்பமானது. அடுப்படியில் நிற்கிறவரிடம் பெரிய பூங்கொத்தை நீட்டினால், அதை வைக்க ஜாடி தேடி அவர் அலைய வேண்டும். மாட்டுங்கா பூக்கடைகளில் நாலு முழம் மல்லிகை வாங்கிப் போகலாம். தலையில் வைக்கும் பூச்சரத்தை இங்கே கஜ்ரா என்பார்கள். அதை மராட்டிய வீடுகளிலும் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கணவரை இழந்த அம்மா ஒருவர் அங்கே இருக்கும்போது, அவரைத் தாண்டி மற்றப் பெண்களுக்கு மட்டும் பூவை நீட்டாதீர்கள். பொட்டலத்தை அவர் கையிலேயே கொடுங்கள். வைத்துக்கொள்வதா, சாமிக்குப் போடுவதா என்பது அவர் விருப்பம்.

அப்புறம், கிளம்பும்போது டப்பாவில் ஏதாவது கட்டிக் கொடுப்பார்கள். அந்த டப்பாவை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். திருப்பித் தரும்போது நாலு முறுக்காவது போட்டுக் கொடுங்கள்.