சார்ஜில் போட்டால் மட்டும் தெரிந்த லொக்கேஷன்

தங்கச்சி தனியாகக் கோலாலம்பூர் போயிருந்தாள். வட்ஸ்அப்பில் நேரலை லொக்கேஷன் ஆகக் கூடியது 8 மணி நேரம்தான் என்பதால், மேப் செயலியில் 'நிறுத்தும் வரை' பகிரச் சொன்னேன். மட்டக்களப்பு கல்லடியில் இருந்து பார்த்தால் புள்ளி தங்குமிடத்திலேயே கிடக்கும். ஆள் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நிற்பாள். நமக்கு மாலை 5 மணி என்றால் அங்கே ஏழரை, இருட்டத் தொடங்கும். பயம் அந்த நேரத்தில்தான்.

டேட்டா இருந்தது. சிம் மாற்றினாள், செயலியை அழித்துத் திரும்பவும் போட்டாள், சரிவரவில்லை.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. போன் சார்ஜில் இருக்கும்போது மட்டும் 'இப்போது' என்று காட்டுகிறது, கழற்றினால் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் சிக்கல் இணைப்பில் இல்லை, பேட்டரி சேமிப்பில். அதை நிறுத்தி, மேப் செயலியின் பேட்டரிப் பாவனையைக் 'கட்டுப்பாடு இல்லை' என்றும், இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்றும் மாற்றினாள். திரையை அணைத்து, போனைப் பைக்குள் போட்டு நடக்கச் சொன்னேன். புள்ளி தெருத்தெருவாக அவளோடு நகர்ந்தது. அப்பாடா!

புறப்படும் முன் ஊரிலேயே இதைச் சோதிக்கலாம்: சார்ஜர் இல்லாமல், திரை அணைத்தபடி, கல்லடிப் பாலம் வரை ஒரு நடை. பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்க் கட்டாயம். மலேசிய அவசர இலக்கம் 999.