எந்த நகையை எப்போது போடுவது: எடை, கழுத்து, கொக்கி, அப்புறம்தான் டிசைன்

எங்கே எந்த நகை போடுவது என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், விசேஷத்துக்குக் கனமானது, வேலைக்குச் சின்னது என்பதுதான். தப்பில்லை, ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறவர் ஒரு முடிவுக்கும் வர முடியாது. நான் சொல்வது வேறு வரிசை. அன்றைக்கு எத்தனை மணி நேரம் போட்டிருக்கப் போகிறீர்கள், அந்த நேரத்தில் உங்கள் கையும் கழுத்தும் காதும் என்ன செய்துகொண்டிருக்கும், என்ன உடை, எந்த வெளிச்சம், இவ்வளவையும் முதலில் பாருங்கள், டிசைனைக் கடைசியாகப் பாருங்கள். உறுத்துகிற நகை எவ்வளவு அழகாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் கை தானாக அங்கே போய்விடும். தோட்டைத் தொட்டுப் பார்ப்போம், நெக்லஸை இழுத்து நேராக்குவோம், எதிரில் இருப்பவர் கண்ணுக்கு நகைக்கு முன்னால் நம் அவஸ்தைதான் தெரியும்.

தன் ஸ்டைல் என்ன என்று தெரியாமல் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். அதற்கான விடை உங்கள் நகைப்பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்புங்கள், அடிக்கடி போடுகிறவற்றை ஒரு பக்கம், வாங்கியதிலிருந்து தொடாதவற்றை இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள். அடிக்கடி போடுகிறவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது? காதோடு ஒட்டி நிற்பவையா, ஆடுபவையா? வட்டமா, கோணமா? கல் வைத்ததா, வெறும் உலோகமா? பளபளப்பா, மங்கலா? நாலைந்து நகையில் ஒரே குணம் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் உங்கள் ஸ்டைல், வேறு எங்கும் தேட வேண்டாம். தொடாத பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், ஒவ்வொன்றையும் ஏன் போடுவதில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொக்கியைத் தனியாக மாட்ட முடியவில்லை, செயின் ஒரு இஞ்ச் குட்டை, தோட்டின் தண்டு குத்துகிறது என்று பதில் வந்தால் கவலையே இல்லை. கூடுதல் வளையம் சேர்ப்பது, கொக்கி மாற்றுவது எல்லாம் சின்ன வேலைதான், செய்து வாங்கிக்கொண்டால் புது நகை மாதிரி புழக்கத்துக்கு வந்துவிடும். 'நான் போட்டால் நானாகத் தெரியவில்லை' என்று தோன்றினால் மட்டும் அந்த வகையை இனி வாங்காதீர்கள்.

தங்க நிறம் பொருந்துமா வெள்ளி நிறம் பொருந்துமா என்பதற்கு மணிக்கட்டு நரம்பின் நிறத்தைப் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, வெளிச்சம் மாறினால் நரம்பின் நிறமும் மாறித் தெரியும். பகல் நேரத்தில் ஜன்னல் அருகே நின்று ஒரு காதில் தங்க நிறம், மறு காதில் வெள்ளி நிறம் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள், முகம் எந்தப் பக்கம் தெளிவாக இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இரண்டையும் கலந்து போடுவதும் நன்றாகவே இருக்கும். ஆனால் கலப்பது வேண்டுமென்றே செய்ததாகத் தெரிய வேண்டும், அதனால் இரண்டு நிறமும் குறைந்தது இரண்டு இடத்திலாவது வரட்டும். கண்ணாடி பிரேம், கைக்கடிகாரம், பெல்ட் கொக்கி இவையும் கணக்கில் சேரும்.

இப்போது கழுத்து. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், காரணம் நெக்லஸைத் தனியாகப் பார்த்து வாங்குகிறோம், உடையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. செயினின் கீழ் விளிம்பும் உடையின் கழுத்து விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எவ்வளவு நல்ல நகையும் கலைந்துதான் தெரியும், நடுவில் ஒரு இஞ்சாவது இடைவெளி விடுங்கள், அல்லது செயின் முழுக்கத் துணி மேலே வரட்டும். வி வடிவக் கழுத்துக்கு டாலர் தொங்கும் செயின், அதே வளைவில் இறங்கும். அகலமாகத் திறந்த கழுத்துக்கு அட்டிகை போல ஒட்டி நிற்பது. கழுத்தை மூடிய உடைக்கு நெஞ்சுவரை இறங்கும் நீளச் செயின், அல்லது கழுத்தில் ஒன்றுமே இல்லாமல் காதுக்கு மட்டும் நல்லதாக ஒன்று. கழுத்தைச் சுற்றி வேலைப்பாடு இருக்கிற உடை என்றால் அந்த வேலைப்பாடே நெக்லஸ்தான், மேலே இன்னொன்று எதற்கு?

நீளத்தைப் பொறுத்தவரை 16 இஞ்ச் செயின் பெரும்பாலானவர்களுக்குக் கழுத்தின் அடியில் நிற்கும், 18 இஞ்ச் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வரும், 24 இஞ்ச் நெஞ்சுக்கு இறங்கும். இது கழுத்தின் சுற்றளவைப் பொறுத்து மாறும், அதனால் எண்ணை நம்பி வாங்காமல் ஒரு நூலை எடுத்து, வேண்டிய இடத்தில் தொங்கும்படி கழுத்தில் கட்டிப் பார்த்து, அவிழ்த்து ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். டாலர் மாட்டினால் அதன் உயரமும் சேரும் என்பதை மறக்கக்கூடாது. இரண்டு மூன்று செயினை அடுக்கிப் போட ஆசை என்றால் ஒன்றுக்கொன்று 2 இஞ்சாவது வித்தியாசம் இருக்கட்டும், கனமும் வேறுவேறாக இருக்கட்டும். ஒரே கனத்தில் மெல்லிய செயின்களாகப் போட்டால் முறுக்கிக்கொண்டு சிக்காகிவிடும், பிரிக்கும்போது அறுந்தே போகலாம்.

காது விஷயத்தில் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. பெரிய தோடு போட்டால் சிலருக்கு அது முன்னால் கவிழ்ந்து தரையைப் பார்க்கும், உடனே 'எனக்குப் பெரிய தோடு நிற்காது' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தத் தோட்டைத் திருப்பிப் பாருங்கள். தண்டு தட்டின் நடுவிலோ அதற்குக் கீழேயோ ஒட்டியிருந்தால் மேல் பகுதியின் எடை முன்னால் இழுக்கும், தோடு கவிழும். தண்டு மேல்பக்கமாக ஒட்டியிருந்தால் தட்டின் கீழ்ப்பகுதி காதில் சாய்ந்துகொள்ளும், அதனால் நேராக நிற்கும். ஆக, அதே அளவில் தண்டு மேலே இருக்கிற தோடு உங்களுக்கும் நிற்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, பின்னால் போடும் சின்னத் திருகை எடுத்துவிட்டு அகலமான வட்டு வைத்த திருகைப் போடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கனமான ஜிமிக்கிக்கு மாட்டல் போட்டால் எடையில் ஒரு பங்கைக் கூந்தல் தாங்கிக்கொள்ளும். துளை ஏற்கெனவே நீண்டிருந்தால் கனமானதைத் தினமும் போடவே வேண்டாம், இழுத்து இழுத்து மடலே கிழிந்துவிடும்.

முக வடிவத்துக்கு ஏற்ற தோடு என்று பெரிய பட்டியல்களே உண்டு. என்னைக் கேட்டால் கூந்தலும் கழுத்தின் நீளமும் அதைவிட முக்கியம். விரித்த கூந்தலில் சின்னக் கல் தோடு காணாமலே போய்விடும். முடியைத் தூக்கிக் கட்டினால் அதே தோடு அருமையாக எடுபடும், நீளத் தொங்கட்டானும் அப்போதுதான் முழுசாகத் தெரியும். கழுத்து குட்டை என்றால் தாடையைத் தாண்டி ரொம்ப இறங்காத தோடு நல்லது, தோளில் இடிக்காது. கண்ணாடி போடுகிறவர்கள் தடிமனான பிரேமோடு பெரிய வளையத்தையும் போட்டால் இரண்டும் போட்டி போடும், ஒன்றைக் குறையுங்கள்.

அப்புறம் நிகழ்ச்சி. அங்கே உங்களை எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசும் இடத்தில் பார்வை முகத்தைவிட்டு நகராது, அங்கே காதுக்குத்தான் முக்கியத்துவம், நுணுக்கமான வேலைப்பாடும் கண்ணில் படும். மேடையில் நிற்கப்போகிறீர்கள் என்றால் நுணுக்கம் யாருக்கும் தெரியாது, பெரிய தெளிவான வடிவம் ஒன்றே போதும். மைக் பிடிக்கிற கையில் ஒன்றோடொன்று மோதும் வளையல்கள் வேண்டாம், சட்டையில் மைக் குத்துவார்கள் என்றால் நீளச் செயினும் வேண்டாம், உரசும் சத்தம் முழுக்கப் பதிவாகும். வீடியோ அழைப்பில் தோளுக்குக் கீழே இருப்பது எதுவும் கணக்கில்லை. நேர்முகத் தேர்வுக்கு ஏற்கெனவே பழகிய, ஆடாத, சத்தம் போடாத நகை. துக்க வீட்டுக்கு எப்போதும் போட்டிருப்பது மட்டும் போதும், மினுக்கும் எதையும் கழற்றி வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை. கைக்குழந்தையைத் தூக்க வேண்டிய இடமா, காது வளையத்தையும் தொங்கட்டானையும் மறந்துவிடுங்கள், பிஞ்சு விரல் நேராக அங்கேதான் போகும்.

விழாவில் நீங்கள் விருந்தாளி என்றால் காதோ கழுத்தோ ஒன்றை மட்டும் முன்னால் நிறுத்துங்கள். இரண்டும் பெரிதாக இருக்கிற முழு செட் விழாவுக்கு உரியவருக்கே பொருந்தும், மற்றவர்கள் அதே செட்டைப் பிரித்துத் தோட்டை ஒரு நாளும் நெக்லஸை இன்னொரு நாளும் போட்டால் இரண்டுக்குமே மதிப்புக் கூடும்.

வெளிச்சத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். பட்டை தீட்டிய கல் புள்ளி புள்ளியான விளக்குகளின் கீழேதான் நன்றாக மின்னும், கடைகளில் மேலேயிருந்து அப்படி விளக்குப் போடுவது அதற்காகத்தான். அதே கல் மேகமூட்டமான பகலில் அடக்கமாகத் தெரியும். எனவே வாங்கும் முன் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். இரவு நிகழ்ச்சிக்குப் பட்டை தீட்டிய கல், பகலுக்கு முத்து, நிறக்கல், மங்கலான மெருகுள்ள உலோகம் என்று போனால் பெரும்பாலும் சரியாக வரும்.

மோதிரம் வாங்குவதற்குச் சாயந்திரம் போங்கள், விரல் அப்போது கொஞ்சம் உப்பியிருக்கும், காலைக் குளிரில் அளந்தால் பிறகு இறுக்கும். அகலப் பட்டை மோதிரத்துக்கு வழக்கமான அளவைவிடச் சற்றுப் பெரியது தேவைப்படும். இயந்திரத்தில் வேலை செய்யும்போது மோதிரத்தைக் கட்டாயம் கழற்றுங்கள், எதிலாவது மாட்டினால் விரலையே பிய்த்துவிடும். நீச்சலுக்கும் கழற்றுவது நல்லது, குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும், குளத்துக் குளோரின் உலோகக் கலவையையும் அரிக்கும்.

ஆண்களுக்கும் இதே கணக்குதான். கடிகாரம், ஒரு மோதிரம், சட்டைக்குள் ஒரு செயின், மூன்றும் ஒரே உலோக நிறத்தில் இருந்தால் கச்சிதமாக இருக்கும்.

என்ன பொருள் என்பதும் எங்கே போடுகிறீர்கள் என்பதோடு சேர்ந்தது. 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், 18 காரட்டில் 75 சதவீதம். தங்கம் கூடக்கூட நிறம் செழிக்கும், ஆனால் மென்மையும் கூடும், அதனால் கல் வைத்துத் தினமும் போடும் மோதிரத்துக்கு 18 காரட் உறுதி. முத்து ரொம்ப மென்மையானது, கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 2.5 முதல் 4.5 வரைதான். வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9. சாதாரணத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸே 7 என்பதால், அதைவிட மென்மையான கல்லை மோதிரமாகத் தினமும் போட்டால் கீறல் விழுந்து மங்கும். அவற்றைக் காதுக்கும் கழுத்துக்கும் வையுங்கள். முலாம் பூசிய நகை போட்டதும் காது அரித்துச் சிவந்தால் நிக்கல் காரணமாக இருக்கலாம், டைட்டானியம் தண்டு வைத்த தோடுக்கு மாறிப் பாருங்கள்.

கடைசியாக ஒத்திகை. முதல் நாளே முழு உடையோடு எல்லாவற்றையும் போட்டு ஒரு மணி நேரம் வீட்டு வேலை பாருங்கள், போன் பேசுங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள். டாலர் திரும்பிக்கொள்கிறதா, கொக்கி கூந்தலையோ துணியையோ பிடிக்கிறதா, திருகு நெகிழ்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும், மாற்று ஒன்றை எடுத்துவைக்க நேரமும் இருக்கும். கிளம்பும் நாளில் வாசனைத் திரவியம், முடிக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு முத்தைப் போடுங்கள், திரும்பி வந்ததும் முதலில் அதைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். கைப்பையில் கூடுதலாக ஒரு ஜோடித் திருகு இருக்கட்டும்.