182 கிலோமீட்டர், நடுவில் ஒரு கடை இல்லை: நல்லர்பார் சைக்கிள் பயணத்தில் செய்யக்கூடாத தவறுகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் எயர் நெடுஞ்சாலையில் பலடோனியா என்று ஒரு ரோடுஹவுஸ். பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, தங்கும் அறை எல்லாம் அந்த ஒரே கட்டடத்துக்குள். கிழக்கே அடுத்த ரோடுஹவுஸ் கய்குனா. இரண்டுக்கும் இடையே 182 கிலோமீட்டர். அதில் 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத நேர்ச்சாலை. நல்லர்பார் என்கிற வறண்ட சமவெளியைச் சைக்கிளில் கடக்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

"ஊரில் ஒரு நாளைக்கு 150 ஓட்டியிருக்கிறேன், 182 என்ன பெரிய தூரம்?" என்று கிளம்புவது முதல் தவறு. அந்த 150-ஐ வெறும் சைக்கிளில் ஓட்டியிருப்பீர்கள். இங்கே கூடாரம், அடுப்பு, சாப்பாடு, தண்ணீர் என்று நாற்பது கிலோ ஏறியிருக்கும். அதற்கு மேல் காற்று. பின்காற்று தள்ளினால் மணிக்கு 25 போகலாம், ஏழு மணி நேரச் சொச்சத்தில் கய்குனா வந்துவிடும். அதே காற்று முகத்தில் அடித்தால் 10 போவதே பெரும்பாடு. கணக்குப் போட்டால் மிதிக்கும் நேரம் மட்டும் பதினெட்டு மணி. ஜூன் மாதத்தில் பகல் வெளிச்சமோ பத்து மணி நேரம்தான். எனவே தூரத்தைப் பார்த்து நாளைத் திட்டமிடாதீர்கள், முந்தின இரவு காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். எதிர்காற்று என்றால் அந்தத் தூரத்தை இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள். பின்காற்று வீசுகிற நாளில் பலடோனியாவில் காலை பத்து மணி வரை காபி குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது இங்கே பழமொழி இல்லை, பயணத் திட்டம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகவே வேண்டாம். வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மே முதல் செப்டம்பர் வரை சரியான காலம்.

அடுத்தது தண்ணீர். "வழியில் ஓய்விடங்களில் தொட்டி இருக்கிறதாமே" என்று அதை நம்பி இறங்குகிறவர்கள் உண்டு. சிலவற்றில் மழைநீர்த் தொட்டி இருப்பது உண்மைதான். குழாயைத் திறந்தால் சொட்டு வருமா என்பது போன மழையையும், உங்களுக்கு முன்னால் வந்துபோன கேரவன்காரர்களையும் பொறுத்தது. தொட்டியில் கிடைப்பதைப் போனஸாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் இரவு தங்குவதாக இருந்தால் குளிர்காலத்தில்கூட நான் 12 லிட்டருக்குக் குறைத்துச் சொல்லமாட்டேன். 12 லிட்டர் என்றால் 12 கிலோ. அந்தக் கனத்தைப் பார்த்துத்தான் பலரும் கிளம்பும் நேரத்தில் இரண்டு பாட்டிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் ஊற்றுவதும் தப்பு. அது கிழிந்தால் மொத்தமும் மண்ணுக்குப் போகும். சாதாரண ஒன்றரை லிட்டர் பாட்டில்களில் பிரித்து, இரண்டு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். ரோடுஹவுஸில் குழாயைக் கண்டதும் பிடித்துவிடாதீர்கள். இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் உப்பு. குடிக்கிற தண்ணீர் எது என்று கேட்டுப் பிடியுங்கள், விலைக்கு வாங்க வேண்டியும் வரலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் உடம்பு சோர்ந்துவிடும். நாலைந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பையில் இருக்கட்டும்.

இனி நான் செய்த தவறு. ஒரு மணி நேரத்தில் மூன்று பங்க்சர், மூன்றும் பின்சக்கரம். ஒவ்வொரு முறையும் டயரின் உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டவில்லை. புது ட்யூப் போட்டேன், சில நிமிடத்தில் அதுவும் புஸ்ஸென்று போனது. மூன்றாவது தடவை ட்யூபில் ஓட்டை எங்கே என்று பார்த்து, அதே இடத்தை டயரில் தேடி, உள்பக்கம் ஒரு துண்டுப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு ஓரிடத்தில் சிக்கியது. தலைமுடி அளவு மெல்லிய எஃகுக் கம்பி. லாரி டயர்கள் வெடித்துச் சாலையோரம் கறுப்புத் துண்டுகளாகக் கிடக்குமே, அவற்றுக்குள் இருக்கிற கம்பி இது. விரலுக்கு அகப்படாது, அகப்பட்டால் விரலைக் கிழிக்கும். பஞ்சும், முள் பிடுங்குகிற சின்ன இடுக்கியும் இல்லாமல் போகாதீர்கள். அந்த டயர்த் துண்டுகள் மேல் ஏற்றவும் ஏற்றாதீர்கள்.

இன்னொரு எதிரி நமக்குப் பழக்கமானவன்தான். நம் ஊர் நெருஞ்சி இங்கேயும் இருக்கிறது, அதே செடி. எப்படிக் கிடந்தாலும் ஒரு முள் மேலே பார்த்திருக்கும். ஓய்விடத்தின் ஓரமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடாரம் போடப் போவீர்கள், காலையில் இரண்டு சக்கரமும் தட்டையாக நிற்கும். சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

லாரி விஷயத்தில் வீம்பு வேண்டாம். இந்தச் சாலையில் ஓடும் ரோடு டிரெயின்கள், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட டிரெய்லர்களை இழுக்கும் லாரிகள், 36.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். எதிரே வந்தால் காற்று சுவர் மாதிரி மோதும், பின்னாலிருந்து கடந்தால் சைக்கிளை நடுச்சாலைப் பக்கம் இழுக்கும். எதிர்காற்றில் பின்னால் வருவதன் சத்தமே கேட்காது. கண்ணாடி பொருத்துங்கள், காதில் பாட்டு வேண்டாம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் உங்களருகில் சந்திக்கும் என்று தெரிந்தால் யோசிக்காமல் சரளையில் இறங்கிவிடுங்கள். 'எனக்கும் சாலையில் உரிமை உண்டு' என்பது சரிதான், ஆனால் நூறு டன்னுக்குப் பக்கமான எடையோடு வருகிறவரால் நினைத்த மாத்திரத்தில் பிரேக் போட முடியாது.

1896-இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர் தந்திக் கம்பங்கள் போன வழியைப் பிடித்துக்கொண்டு கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்கு 31 நாளில் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார். அப்போது தார்ச்சாலை இல்லை, லாரியும் இல்லை. இன்று தார் இருக்கிறது என்கிற தைரியத்தில் இருட்டிய பிறகும் மிதிக்கிறவர்கள் உண்டு. கங்காருகள் சாலைக்கு வருவது அந்தி நேரத்திலும் விடியலிலும்தான். வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்தி, சாலையிலிருந்து தள்ளிக் கூடாரம் போடுங்கள். யூகலிப்டஸ் மரத்தடியில் மட்டும் வேண்டாம், காற்றே இல்லாத இரவிலும் கிளை முறிந்து விழும். சிக்னல் இல்லாத இடம் என்பதால் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அவசரக் கருவி ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். மூட்டைக்கு அடியில் இருந்தால் பயனில்லை.

கய்குனாவில் ஒரு சின்னப் பொறி உண்டு. அதைத் தாண்டியதும் கடிகாரத்தை 45 நிமிடம் முன்னே தள்ளச் சொல்லிப் பலகை வரும், இந்தப் பகுதிக்கு மட்டும் தனி நேரம். அடுத்த ரோடுஹவுஸான காக்கில்பிடி 65 கிலோமீட்டர்தானே என்று சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தால், உங்கள் கடிகாரத்தில் ஏழேகால், அங்கே எட்டு மணி. சமையலறையை மூடியிருப்பார்கள்.