பின்கட்டுப் பட்டறைக்கு எத்தனை ஸ்கொயர் வயர் போடணும்?

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கம் பல வீடுகளில் மீட்டர் முன்வாசலில் இருக்கும், கொலுசுப் பட்டறை பின்கோடியில் இருக்கும். எங்கள் பட்டறைக்கு முதலில் 2.5 ஸ்கொயர் வயர்தான் (கம்பியின் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர்) இழுத்தோம். வெள்ளிக் கம்பி இழுக்கும் மெஷினைப் போட்டதும் பல்பு மஞ்சளாக மங்கும். மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை வரும். ஆனால் வயர் சூடாகவே இல்லை. கோளாறுக்குக் காரணம் வயர் போன தூரம்.

படி 1: லோடைக் கூட்டுங்கள். மோட்டார் தகட்டில் ஆம்பியர் பொறித்திருக்கும். எங்கள் 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு 11, பாலீஷ் மோட்டாருக்கு 5, விளக்கு விசிறிக்கு 1. ஆக 17.

படி 2: நீளம். வயர் போகும் வழியிலேயே கயிறு பிடித்து அளங்கள். சுவர் ஏறி இறங்குவதும் சேரணும். நாங்கள் 40 மீட்டர் என்று நினைத்தது கயிற்றில் 50 வந்தது.

படி 3: வோல்டேஜ் எவ்வளவு குறையும்? காப்பர் வயருக்குக் கணக்கு இது:

2 × நீளம் × ஆம்பியர் × 0.018 ÷ வயர் ஸ்கொயர்

அந்த 2 எதற்கு? பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வரணும், அதனால் கம்பி இரட்டை நீளம். பலர் விடுவது இதைத்தான். எங்கள் கணக்கில் வகுப்பதற்கு முன் வருவது 30.6. அதை 2.5-ஆல் வகுத்தால் 12.2 வோல்ட், 4-ஆல் 7.7, 6-ஆல் 5.1. நான் 230-ல் 3 சதவீதம், அதாவது 6.9 வோல்ட்டுக்கு மேல் விடமாட்டேன். ஆகவே 6 ஸ்கொயர்.

கஞ்சத்தனம் வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த நேரத்தில் வோல்டேஜ் இறக்கமும் அதற்கேற்பப் பெருகும். வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்தாலே மோட்டாரின் இழுவை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். எங்கள் மெஷின் உறுமியது அதனால்தான்.

அலுமினியம் என்றால் 10 ஸ்கொயர்.

படி 4: மீட்டர் பக்கத்தில் 25 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), மோட்டார் கிளம்பும்போது இழுப்பதைத் தாங்கும் ‘சி’ வகை. ட்ரிப் ஆகிறதே என்று பெரியதை மாட்டாதீர்கள். பிறகு வயர்தான் எரியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) தனி எர்த் வயரும் கட்டாயம். மண்ணுக்குள் போனால் இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள், இரண்டரை அடி ஆழம், மணல், மேலே செங்கல்.

இணைப்பை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். முடித்ததும் மெஷின் எல்லாம் ஓடும்போது மீட்டர் பக்கமும் பட்டறை பிளக்கிலும் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வித்தியாசம் 5 வோல்ட்தான் வந்தது.